புரட்டாசியில் விதைத்தால் தையில் ப்ரோக்கோலி

தருமபுரி மாவட்டத்தில் வீட்டுத் தோட்டத்தில் ப்ரோக்கோலி வருமா என்று கேட்டால், நிச்சயமாக வரும் என்பேன். மொட்டை மாடியில் வைத்த பையிலும் வரும், கிணற்றடிப் பாத்தியிலும் வரும். ஆனால் வருஷம் முழுக்க வராது. விதை போடுவதற்கு நமக்கு வாய்ப்பது ஐந்து வாரம்தான். அதைப் பிடித்தவர்கள் தை மாதம் பூ அறுக்கிறார்கள். தவறவிட்டவர்களுக்கு முழங்கால் உயரத்துக்கு வெறும் இலைதான் மிஞ்சுகிறது.

பாலக்கோடு பக்கம் நான் குழித்தட்டு நாற்றுப் பண்ணை நடத்துகிறேன். தக்காளி, மிளகாய், கத்தரி, காலிஃப்ளவர், முட்டைக்கோஸ் நாற்றுகள்தான் எங்கள் பிழைப்பு. விவசாயிகள் ஆயிரக்கணக்கில் எடுத்துப் போவார்கள். சில வருஷமாக வேறு சிலரும் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு நிழல்வலைக்குள் எட்டிப் பார்க்கிறார்கள். "அக்கா, ப்ரோக்கோலி நாத்து பத்து கிடைக்குங்களா?" பள்ளி ஆசிரியைகள், பெங்களூரில் வேலை பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்பிய பிள்ளைகள், காய்கறி நிறையச் சாப்பிடுங்கள் என்று டாக்டர் சொல்லி அனுப்பிய பெரியவர்கள் என்று பலதரப்பட்டவர்கள்.

பங்குனி, சித்திரையில் இன்னொரு விதமான பேச்சு காதில் விழும். "செடி ஜம்முனு வந்துச்சுங்க. எல எலயா விட்டுச்சு. பூ மட்டும் கட்டவே இல்லீங்க." நான் திருப்பிக் கேட்பது ஒன்றே ஒன்றுதான். "விதை எப்போங்க போட்டீங்க?" பெரும்பாலும் வரும் பதில், "பொங்கல் லீவுல." காரணம் அந்தப் பதிலிலேயே இருக்கிறது. உரத்திலும் குறையில்லை, விதையிலும் குறையில்லை, அவர்கள் உழைப்பிலும் குறையில்லை. பருவம்தான் தவறிவிட்டது.

பின்னாலிருந்து எண்ண வேண்டிய பயிர்

நம் ஊரில் விதைப்பு என்றால் மழையைப் பார்த்துத்தான். ராகி, சாமை, துவரை, அவரை எல்லாம் ஆடிப் பட்டத்துக்குக் கட்டுப்பட்டவை. ஈரம் கிடைத்ததும் விதைத்துவிட்டால் மற்றதைக் காலம் பார்த்துக்கொள்ளும். ப்ரோக்கோலிக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது. விதைக்கிற நாளின் ஈரத்தைவிட, பூக் கட்டுகிற நாளின் குளிர்தான் அதற்கு முக்கியம். அதனால் நாளை முன்னாலிருந்து எண்ணாமல் பின்னாலிருந்து எண்ண வேண்டும்.

ப்ரோக்கோலியில் நாம் சாப்பிடுவது விரியாத பூமொட்டுகளை. ஒரு கொண்டையில் ஆயிரக்கணக்கான மொட்டுகள் நெருங்கி நிற்கின்றன. அவை ஒரே சீராகத் திரள வேண்டுமானால், பகலையும் இரவையும் சேர்த்த சராசரி வெப்பம் 15 முதல் 23 டிகிரிக்குள் இருப்பது நல்லது. அதற்கு மேல் போய் நாள் கணக்கில் நீடித்தால் கொண்டை மேடும் பள்ளமுமாகக் கட்டும். மொட்டுகளுக்கு நடுவே சின்னச் சின்ன இலைகள் எட்டிப் பார்க்கும். இல்லையென்றால் கட்டிய வேகத்தில் விரிந்து மஞ்சள் பூவாகிவிடும். இன்னும் சூடு அதிகமானால் செடி கொண்டையே போடாது, இலையை மட்டும் விட்டுக்கொண்டு நிற்கும்.

தருமபுரி நகரம் கடல் மட்டத்திலிருந்து 450 மீட்டருக்கு மேலே இருக்கிறது. உயரம் ஆயிரம் மீட்டர் கூடினால் வெப்பம் சுமார் ஆறரை டிகிரி குறையும் என்பது பொதுக் கணக்கு. அப்படிப் பார்த்தால் உயரம் ஒன்றினாலேயே கடற்கரை ஊர்களைவிட நமக்கு மூன்று டிகிரி அளவுக்குச் சூடு குறைவு. மார்கழி, தை இரவுகளில் 20 டிகிரிக்குக் கீழே இறங்கிவிடுகிறது. ஆனால் அந்த மாதங்களிலும் பகல் வெப்பம் 30 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். ஆகவே நாம் இருப்பது விளிம்பில். ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்திலிருக்கும் ஓசூர்க்காரர்களுக்கு இந்த விளிம்பு கொஞ்சம் அகலம், ஊட்டிக்காரர்களுக்கு அந்தக் கவலையே இல்லை. நம் மாவட்டத்திலேயே வத்தல்மலைமேல் இருப்பவர்களுக்குக் கீழே இருக்கிற நம்மைவிட நாள் அதிகம் கிடைக்கும்.

இப்போது கணக்குப் போடுங்கள். கொண்டை கட்டுவது மார்கழி நடுவிலிருந்து தை நடுவுக்குள் இருக்க வேண்டும். நட்ட நாளிலிருந்து அறுவடைக்குக் கலப்பின ரகங்கள் 60 முதல் 75 நாள் எடுத்துக்கொள்ளும். நாற்றங்காலில் நாலு வாரம். எல்லாம் சேர்ந்து சுமார் நூறு நாள். பின்னாலிருந்து எண்ணிக்கொண்டு வந்தால் புரட்டாசி இரண்டாவது வாரத்தில் வந்து நிற்கும். ஆங்கில மாதத்தில் செப்டம்பர் கடைசி. அங்கிருந்து ஐப்பசி நடு வரைக்கும், அதாவது அக்டோபர் முடியும் வரைக்கும், விதை போடலாம். அதற்குப் பிறகு போட்டால் கொண்டை மாசி வெயிலில் மாட்டிக்கொள்ளும்.

காலிஃப்ளவர் மட்டும் எப்படி நம் நிலத்தில் தாராளமாக வருகிறது என்று கேட்பார்கள். இரண்டும் ஒரே இனம்தான். முட்டைக்கோஸ், நூக்கல்கூட அதே இனம்தான். ஆனால் காலிஃப்ளவர் இந்தியாவுக்கு வந்தது 1822ல். இங்கிலாந்திலிருந்து கொண்டுவரப்பட்ட விதையை அப்போது சகாரன்பூரில் இருந்த கும்பினித் தோட்டத்தில் போட்டுப் பார்த்தார்கள். அதன் பிறகு வட இந்திய விவசாயிகள் சூட்டிலும் பூக் கட்டிய செடிகளிலிருந்து தலைமுறை தலைமுறையாக விதை எடுத்து, நம் வெயிலுக்குப் பழகிய காலிஃப்ளவரையே உருவாக்கிவிட்டார்கள். அது இருநூறு வருஷப் பழக்கம். ப்ரோக்கோலி நம்மிடம் புதிது. இத்தாலியில் வளர்ந்த பயிர் அது. அமெரிக்காவில்கூட 1920-களில்தான் பெரிய அளவில் சாகுபடிக்கு வந்தது. சிசிலியிலிருந்து போன டி'அரிகோ சகோதரர்கள் ஊரிலிருந்து விதை வரவழைத்து, கலிபோர்னியாவில் சான் ஹோசே பக்கம் பயிர் செய்து, ரயிலில் பாஸ்டனுக்கு அனுப்பி விற்றார்கள். அங்கேயே நூறு வருஷத்துப் பயிர் என்றால், நம் ஊர் வெயிலுக்குப் பழக அதற்கு இன்னும் காலம் வேண்டும். அதுவரை நாம்தான் அதன் பருவத்துக்குப் பழகிக்கொள்ள வேண்டும்.

விதை வாங்கும்போது

டெல்லியில் தலைமையகம் கொண்ட இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் கட்ராயின் நிலையம், இமாசலப் பிரதேசத்தில் குலு பள்ளத்தாக்கில் இருக்கிறது. அங்கே உருவானது 'பூசா கே.டி.எஸ்.1'. பாலம்பூர் வேளாண் பல்கலைக்கழகம் தந்தது 'பாலம் சம்ருத்தி'. இவை நல்ல ரகங்கள்தான். ஆனால் மலைக் குளிருக்கென்று உருவானவை. நமக்குச் சூடு தாங்கும் கலப்பின ரகங்களே கை கொடுக்கும். இந்த விதைகளில் பெரும்பகுதி ஜப்பான், ஐரோப்பியக் கம்பெனிகளுடையது. ஜப்பானின் சகாட்டா கம்பெனியின் 'கிரீன் மேஜிக்' சூட்டை ஓரளவு தாங்கும் என்று பெயர் வாங்கிய ரகம். எந்தப் பெயராக இருந்தாலும் சரி, கடையில் "சூடு தாங்குமா, எத்தனை நாள் பயிர்?" என்று கேட்டு வாங்குங்கள். நாள் குறைவான ரகமே நமக்கு நல்லது.

பாக்கெட்டில் முளைப்புத் திறன், சோதித்த தேதி, காலாவதித் தேதி மூன்றும் அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். வெறும் பிளாஸ்டிக் கவரில் கட்டிக் கொடுக்கும் விதையை வாங்காதீர்கள். ஒரு கிராமில் 300 விதை அளவுக்கு இருக்கும். பத்து கிராம் பாக்கெட் வாங்கினால் மூவாயிரம் செடிக்கான விதை. ஒரு குடும்பத்துக்குப் பன்னிரண்டு செடியே போதும். நாலைந்து வீட்டார் சேர்ந்து ஒரு சிறிய பாக்கெட் வாங்கிப் பிரித்துக்கொள்வது சரியான வழி. மீதியை ஈரம் படாமல் டப்பாவில் அடைத்துக் குளிர்ச்சியான இடத்தில் வைத்தால் அடுத்த புரட்டாசிக்கும் முளைக்கும்.

விதையைக் கையில் கொட்டிப் பார்த்தால் கடுகு மாதிரியே உருண்டையாக இருக்கும். கடுகும் இதே குடும்பம்தான். கம்பெனி விதை ரோஸ் நிறத்திலோ நீல நிறத்திலோ இருந்தால் அது பூஞ்சாண மருந்து பூசிய விதை. குழந்தைகள் கையில் கொடுக்கக் கூடாது. விதைத்த பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். மருந்து பூசாத விதையாக இருந்தால், ட்ரைகோடெர்மா விரிடித் தூளை ஒரு சிட்டிகை போட்டுப் புரட்டி எடுத்து விதைக்கலாம். நாற்றழுகல் வராமல் அது காக்கும்.

அறுக்காமல் விட்ட பூவிலிருந்து அடுத்த வருஷத்துக்கு விதை எடுக்கலாமா என்று கேட்பவர்களும் உண்டு. கலப்பினச் செடியின் விதை தாய்ச்செடி போல வராது. தனிச் செடி தன் மகரந்தத்தாலேயே சரியாகக் காய் பிடிப்பதும் இல்லை. விதை எடுக்கும் ஆசையைக் கத்தரி, அவரை, வெண்டையில் வைத்துக்கொள்ளலாம்.

நாற்று: முதல் நாலு வாரம்

வீட்டில் நாற்று விட 98 குழி கொண்ட ஒரு தட்டு போதும். அது கிடைக்காவிட்டால் அடியில் ஓட்டை போட்ட பேப்பர் கப்பும் ஆகும். நாற்றங்கால் மண்ணுக்குப் பதில் மக்கிய தென்னை நார்க்கழிவை எடுத்துக்கொள்ளுங்கள். கட்டியாக வாங்கியதை ஊறவைத்து, ஒன்றிரண்டு தண்ணீரில் அலசி உப்பை வெளியேற்ற வேண்டும். அலசாமல் போட்டால் முளை கருகும். ஈரம் புட்டு மாவு பதத்தில் இருக்க வேண்டும். பிடித்தால் பிடிபட்டு, விரலால் தட்டினால் உதிர வேண்டும்.

குழிக்கு ஒரு விதை, ஒரு சென்டிமீட்டர் ஆழம். மேலே நார்க்கழிவைத் தூவி, தட்டை ஒரு பிளாஸ்டிக் ஷீட்டால் மூடி நிழலில் வையுங்கள். இரண்டாம் நாளிலிருந்து காலையும் மாலையும் ஷீட்டைத் தூக்கிப் பாருங்கள். முதல் முளை தலைகாட்டியதும் ஷீட்டை எடுத்துவிட வேண்டும். ஒரு நாள் தாமதித்தாலும் முளைகள் வெளிச்சத்தைத் தேடி நூலாக நீண்டுவிடும். அப்படி நீண்ட நாற்று பிறகு தேறாது.

நாலைந்து நாளில் எல்லாம் முளைத்துவிடும். முதலில் வருவது நடுவில் சின்ன வெட்டு விழுந்த இரண்டு விதையிலைகள். தண்டு இளம் ஊதா நிறத்தில் இருக்கும். அடுத்த வாரம் ஓரம் நெளிந்த உண்மையான இலை வரும். இந்தச் சமயத்தில் தட்டுக்குக் காலை வெயில் கட்டாயம் வேண்டும். வீட்டுக்குள் ஜன்னல் ஓரம் போதாது. ஐப்பசி மழை நேராக விழாதபடி மேலே ஒரு வலையோ கண்ணாடிக் கூரையோ இருந்தால் நல்லது.

தண்ணீர் காலையில் மட்டும், பூவாளியால். சாயங்காலம் ஊற்றி இரவெல்லாம் ஈரமாக விட்டால் தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் அழுகி, நாற்று அப்படியே சாய்ந்துவிடும். ஒரு குழியில் தொடங்கினால் பக்கத்துக் குழிகளுக்கும் பரவும். சாய்ந்ததைப் பிடுங்கி எறிந்துவிட்டு ஒரு நாள் தண்ணீரை நிறுத்துங்கள்.

இருபத்தைந்து நாளில் நாலைந்து இலை வந்திருக்கும். முப்பது நாளுக்கு மேல் தட்டில் விடக் கூடாது. இடத்துக்குத் தவித்து நின்ற நாற்று, நட்டதும் பயத்தில் சீக்கிரமே கட்டைவிரல் அளவில் ஒரு பூவை வைத்துவிட்டு வளர்ச்சியை நிறுத்திக்கொள்ளும். "ரொம்பச் சின்னதா பூத்துடுச்சுங்க" என்று வருகிறவர்களில் பலருடைய செடி இப்படி முற்றிப்போன நாற்றிலிருந்து வந்ததுதான். ஆகவே நாற்று வாங்குகிறவர்களும் உயரமான நாற்றைத் தேடாதீர்கள். குட்டையாக, தண்டு தடித்து, கரும்பச்சையாக, வேர் வெள்ளையாக இருப்பதை எடுங்கள்.

நடவும் தீனியும்

பையில் வளர்ப்பதானால் பன்னிரண்டு அங்குல அகலமும் ஆழமும் உள்ள பைக்கு ஒரே செடி. இடம் இருக்கிறதே என்று இரண்டு வைத்தால் இரண்டுமே சிறுத்துவிடும். நம் செம்மண், மக்கிய தொழு உரம், தென்னை நார்க்கழிவு மூன்றும் சம பங்கு, அதோடு ஒரு கைப்பிடி வேப்பம் பிண்ணாக்கு. பாத்தியில் நடுவதானால் செடிக்குச் செடி ஒன்றரை அடி. நடவு மாலையில்தான். முதல் இரண்டு இலை மண்ணைத் தொடாமல், தண்டு கொஞ்சம் ஆழமாகப் புதையும்படி நட்டு, உடனே தண்ணீர் விடுங்கள்.

இடம் தேர்வதில் கவனம் வேண்டும். காலையிலிருந்து மதியம் வரை நல்ல வெயில், மூன்று மணிக்கு மேல் நிழல், இதுதான் நம் ஊருக்கு ஏற்ற இடம். வீட்டுக்குக் கிழக்குப் புறம் பெரும்பாலும் அப்படி அமையும். மொட்டை மாடியில் தளம் மாலை வரை சூட்டைக் கக்கும். பைகளைச் செங்கல் மேல் தூக்கி வைத்து, மேற்குப் பக்கம் நிழல்வலை கட்டினால் வேர்ச்சூடு குறையும். மண்மேல் காய்ந்த சருகோ கரும்புச் சோகையோ மூடாக்குப் போடுவதும் அதற்குத்தான்.

நம் மாவட்டத்து போர் தண்ணீரைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். பல இடங்களில் ஃப்ளூரைடு கலந்த கடினத் தண்ணீர். அதற்காகத்தான் 2013ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. கடினமான போர் தண்ணீரை நாள்தோறும் பையில் ஊற்றினால் மண்மேல் வெள்ளையாக உப்புப் படியும், இலை ஓரம் கருகும். வாரம் ஒரு முறை அடியிலிருந்து வழிந்தோடும் அளவுக்கு ஊற்றி உப்பைக் கழுவி விடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் கூரையிலிருந்து வழியும் மழைநீரை டிரம்மில் பிடித்து வைத்தால் இந்தச் செடிக்கு அதைவிட நல்ல தண்ணீர் கிடையாது. அரிசி, காய்கறி கழுவிய தண்ணீரும் ஆகும்.

ப்ரோக்கோலி தீனி அதிகம் கேட்கும் செடி. நட்டுப் பதினைந்து நாளில் ஒரு கைப்பிடி மண்புழு உரம், பிறகு பத்து நாளுக்கு ஒரு முறை கடலைப் பிண்ணாக்கு ஊறவைத்து, தெளிவை எடுத்துத் தண்ணீர் சேர்த்து ஊற்றலாம். கொண்டை தலைகாட்டும் வரைதான் இலை பெருக்க வேண்டும். இலை எத்தனை பெரிதோ அத்தனை பெரிது பூ.

அறுத்த தண்டின் நடுவே பொந்து விழுந்து, உட்பக்கம் பழுப்பாக இருந்தால் அது பெரும்பாலும் போரான் சத்துக் குறை. லிட்டருக்கு ஒரு கிராம் போராக்ஸ் கரைத்து, நட்ட ஒரு மாதத்தில் ஒரு தரம், கொண்டை கட்டுமுன் ஒரு தரம் இலைமேல் தெளித்தால் போதும். கூடினால் இதுவே விஷமாகும். கண்ணளவாகப் போடாமல் எடை போட்டுத்தான் கரைக்க வேண்டும்.

புழுவோடு போராட்டம்

வைரமுதுகு அந்துப்பூச்சி என்று ஒன்று உண்டு. சாம்பல் நிறத்தில், விரல்நகத்தில் பாதி நீளம். சிறகை மடித்து உட்கார்ந்தால் முதுகில் வெளிறிய வைர வடிவங்கள் வரிசையாகத் தெரியும். இதன் புழுதான் கோஸ் குடும்பத்துப் பயிர்களின் பெரிய எதிரி. இலையை மேலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. திருப்பிப் பாருங்கள். இளம்பச்சைப் புழு, இலையின் அடிப்பகுதியைச் சுரண்டித் தின்று, மேல்தோலை மட்டும் மெல்லிசாக விட்டு வைத்திருக்கும். தொட்டால் பின்பக்கமாக நெளிந்து, ஒரு நூலை விட்டுத் தொங்கி இறங்கும்.

இந்தப் பூச்சி மருந்துக்கு அடங்காத ஜாதி. பயிரைத் தின்னும் பூச்சிகளில் டி.டி.டி.க்கு முதலில் எதிர்ப்புக் காட்டியது இதுதான் என்று 1953லேயே ஜாவாவிலிருந்து பதிவானது. அதன்பிறகு வந்த மருந்துகள் ஒவ்வொன்றையும் தாங்கிப் பழகிக்கொண்டது. பெரும் பண்ணைகளே திணறும் இடத்தில், பன்னிரண்டு செடி வைத்திருக்கும் நாம் மருந்துக் கடைக்குப் போக வேண்டிய அவசியமே இல்லை. நம்மிடம் இரண்டு கண்ணும் இரண்டு கையும் இருக்கின்றன. காலையில் தண்ணீர் ஊற்றும்போது ஒவ்வொரு இலையையும் திருப்பிப் பார்த்துப் புழுவைப் பொறுக்குங்கள். நட்ட அன்றே பூச்சி புகாத மெல்லிய வலையால் மூடிவிட்டால் பாதி வேலை குறையும்.

கடுகைச் சுற்றிலும் விதைப்பது இன்னொரு நல்ல வழி. ப்ரோக்கோலி நடுவதற்கு இரண்டு வாரம் முன்பே நாலைந்து தொட்டியில் சமையலறைக் கடுகைத் தூவிவிடுங்கள். அந்துப்பூச்சி முட்டையிடக் கடுகைத் தேடிப் போகும். புழு வந்த கடுகுச் செடியைப் பிடுங்கி அழித்துவிடலாம். கோஸ், காலிஃப்ளவர் விவசாயிகளுக்கு வேளாண் விஞ்ஞானிகள் சொல்லும் பொறிப்பயிர் முறை இது. வீட்டிலும் நன்றாகவே வேலை செய்கிறது.

அதற்கும் மீறினால் வேப்பங்கொட்டைச் சாறு. ஐம்பது கிராம் வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து, துணியில் கட்டி, ஒரு லிட்டர் தண்ணீரில் இரவெல்லாம் ஊறவைத்து, பிழிந்து வடிகட்டி, கொஞ்சம் காதி சோப்புக் கரைசல் சேர்த்து மாலையில் இலையின் அடிப்பக்கம் நனையும்படி அடியுங்கள். அசுவினி அடைஅடையாக வந்தால் முதலில் தண்ணீரைப் பீய்ச்சி அடித்துக் கழுவுங்கள். பொறிவண்டு தென்பட்டால் அதைத் தொந்தரவு செய்யாமல் விடுங்கள். அசுவினியைத் தின்பது அதன் வேலை.

அறுக்கும் நாள்

நட்டு ஒன்றரை மாதம் போனதும் செடியின் நடுக் குருத்தைக் கவனிக்கத் தொடங்குங்கள். உள் இலைகள் முறுக்கிக்கொண்டு உள்பக்கம் மடங்கும். அவற்றை மெல்ல விலக்கினால் அடியில் விரல்நகம் அளவில் ஒரு பச்சை முடிச்சு தெரியும். அன்றிலிருந்து தண்ணீரில் ஒரு நாளும் குறை வைக்கக் கூடாது. இரண்டு வாரத்துக்குள் அது உள்ளங்கை அகலத்துக்கு வந்துவிடும்.

எப்போது அறுப்பது என்பதில்தான் பலருக்கும் ஆசை தடுக்கிறது. கடையில் பார்த்த அளவுக்கு வரட்டும் என்று காத்திருப்பார்கள். அளவைப் பார்க்காதீர்கள், மொட்டைப் பாருங்கள். விரலால் அழுத்தினால் கொண்டை கெட்டியாக இருக்கிறதா, மொட்டுகள் ஒவ்வொன்றும் மூடியிருக்கின்றனவா என்பதே கணக்கு. ஓரத்து மொட்டுகள் தளர்ந்து இடைவெளி விட ஆரம்பித்தால், கொண்டை சிறியதாக இருந்தாலும் அன்றே அறுத்துவிட வேண்டும். ஒரு சூடான நாள் போதும், மொட்டு விரிந்துவிடும்.

விடியற்காலையில், வெயில் ஏறுமுன், ஒரு சாண் தண்டு சேர்த்துக் கூர்மையான கத்தியால் சாய்வாக அறுங்கள். சாய்வாக அறுத்தால் வெட்டுவாயில் தண்ணீர் தேங்கி அழுகாது. செடியைப் பிடுங்கிவிடாதீர்கள். ஒவ்வொரு இலைக்கணுவிலிருந்தும் பக்கக் கிளைகள் வந்து சின்னச் சின்னப் பூக்களாகக் கட்டும். மாசி வெயில் ஏறும் வரை வாரத்துக்கு ஒரு கூட்டுக்கு ஆகும்.

வீட்டில் வளர்ப்பதன் முழு லாபமும் இந்த இடத்தில்தான் இருக்கிறது. அறுத்த பிறகும் ப்ரோக்கோலி வேகமாக மூச்சு விடும். உறைநிலையை ஒட்டிய குளிரில் வைத்தால் இரண்டு மூன்று வாரம் தாங்கும் பூ, சாதாரண வெயிலில் ஓரிரு நாளில் மஞ்சளாகிவிடும். குளிர்பதன வசதியில்லாமல் லாரியில் நெடுந்தூரம் வந்து, கடையில் கிடந்து நம் கைக்கு வரும்போது அதில் இனிப்பும் சத்தும் பாதி போயிருக்கும். செடியிலிருந்து நேராக அடுப்புக்குப் போகிற ப்ரோக்கோலியை ஒரு முறை சாப்பிட்டவர்கள் அந்த ருசியை மறக்க மாட்டார்கள்.

சமையலறையில்

உப்புத் தண்ணீரில் கால் மணி நேரம் கொண்டையைக் கவிழ்த்துப் போட்டால் ஒளிந்திருக்கும் புழு வெளியே வந்துவிடும். நூறு கிராம் பச்சை ப்ரோக்கோலியில் 89 மில்லிகிராம் வைட்டமின் சி இருக்கிறது. ஆனால் தண்ணீர் நிறைய வைத்து வேகவைத்து வடித்தால் அது தண்ணீரோடு போய்விடும். ஆவியில் மூன்று நாலு நிமிஷம் போதும். பாசிப்பருப்புக் கூட்டாகவோ, தேங்காய்ப் பொரியலாகவோ செய்யலாம்.

இதில் 'சல்ஃபோராஃபேன்' என்ற பொருள் உண்டாவதை 1992ல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பால் தலாலே குழுவினர் கண்டறிந்தார்கள். உடலின் நச்சு நீக்கும் நொதிகளை அது தூண்டுகிறது என்பதுதான் ப்ரோக்கோலிக்கு உலகெங்கும் பெயர் வாங்கித் தந்தது. அதற்காக இதைப் புற்றுநோய் மருந்து என்று யாரும் சொன்னால் நம்பாதீர்கள். நல்ல காய்கறி, அவ்வளவுதான். சல்ஃபோராஃபேன் உண்டாக ஒரு நொதி வேண்டும். அது பூவை நறுக்கும்போது வேலை செய்யத் தொடங்கும், சூட்டில் அழிந்துவிடும். அதனால் நறுக்கி அரைமணி நேரம் வைத்துவிட்டுச் சமையுங்கள். அதே நொதி கடுகிலும் இருக்கிறது. வெந்த ப்ரோக்கோலியில் பச்சைக் கடுகுப் பொடியைத் தூவினால் சல்ஃபோராஃபேன் கூடுகிறது என்று இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழக ஆய்வு 2013ல் காட்டியது. எண்ணெயில் தாளித்த கடுகுக்கு அந்தச் சக்தி இருக்காது. இறக்கியபின் ஒரு சிட்டிகை பொடி போட்டால் போதும். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மட்டும், இதில் வைட்டமின் கே அதிகம் என்பதால், டாக்டரைக் கேட்டு அளவாகச் சாப்பிட வேண்டும்.

தண்டையும் இலையையும் குப்பையில் போடாதீர்கள். தண்டின் தோலைச் சீவினால் உள்ளே இருப்பது நூக்கலைவிட இளசு. இளம் இலைகளைப் பருப்போடு சேர்த்துக் கடைந்தால் ராகிக் களிக்கு அருமையாகத் தொட்டுக்கொள்ளலாம். எங்கள் வீட்டில் பூவைவிட அந்தக் கடைசலுக்குத்தான் கிராக்கி.

இப்போதே செய்ய வேண்டியது

சந்தேகம் வந்தால் கேட்க நம் மாவட்டத்திலேயே ஆட்கள் இருக்கிறார்கள். பாப்பாரப்பட்டியில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. புழு தின்ற இலையையோ கருகிய இலையையோ ஒரு கவரில் போட்டு எடுத்துப்போய்க் காட்டலாம். மாடித் தோட்டத்துக்கான பைகள், தென்னை நார்க்கட்டிகள், ட்ரைகோடெர்மா போன்றவற்றைத் தோட்டக்கலைத் துறை மானிய விலையில் தந்திருக்கிறது. இப்போது என்ன திட்டம் நடப்பில் இருக்கிறது என்று உங்கள் வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்தில் விசாரியுங்கள். அதில் வரும் விதைகள் நம் நாட்டுக் காய்கறிகளுடையவை. ஆனால் பையும் நார்க்கட்டியும் ப்ரோக்கோலிக்கும் அப்படியே பொருந்தும்.

காலண்டரை எடுத்துப் புரட்டாசி இரண்டாவது வாரத்தில் ஒரு வட்டம் போடுங்கள். ஆவணிக்குள் விதையும் தட்டும் நார்க்கழிவும் வாங்கி வைத்துவிடுங்கள். முதல் விதைப்பு அந்த வட்டத்தில் ஆறு விதை, இரண்டு வாரம் கழித்து இன்னொரு ஆறு. இரண்டாகப் பிரித்துப் போட்டால் எல்லாம் ஒரே நாளில் அறுவடைக்கு வந்து வீணாகாது. முளைக்காத விதைக்கும் சாய்கிற நாற்றுக்கும் சேர்த்து இரண்டு மூன்று கூடுதலாகப் போட்டுக்கொள்ளுங்கள். பருவத்தை மட்டும் கொடுத்துவிட்டால், தருமபுரி மண்ணில் ப்ரோக்கோலி உங்களை ஏமாற்றாது.